விளக்கும் விண்மீனும்

ஒளி நன்மை பயப்பது, இருள் தீமை பயப்பது என்னுங் கொள்கை உலகத்தார் யாவர்க்கும் ஒப்ப முடிந்ததொன்று. நம் சைவ நூல்களும் திருவருளை ஒளியாகவும் ஆணவமலத்தை இருளாகவும் வைத்தே ஓதுகின்றன. ஆகலின், ஒளியே ஊறு செய்தலும் இருளே துணை செய்தலும் உண்டோ என்றொரு வினா எழுதற்கு இடமில்லை என்றே யாம் நெடுங்காலம் எண்ணியிருந்தேம். அவ்வெண்ணம் திருவான்மியூர்க் கடற்கரையில் ஓரிரவு நேர்ந்த நிகழ்ச்சியால் அசைவுற்றது. அதனை உள்ளவாறு ஈண்டு எழுதி, சித்தாந்த நெறிநின்று ஆராயப் புகுகின்றேம்.

ஞாயிற்றுக்கிழமைதோறுங் காலையில் எம்பாற் சிவஞானபோதம் பாடங் கேட்கும் இளைஞர் சிலர், தை பிறந்தது முதல் உறக்கங் கலையாத கண்ணினராய் வருதலையும், சிற்சில கிழமை வாராதொழிதலையுங் கண்டு கடிந்து வினவினேம். சனிக்கிழமை இரவுகளில் நீலாங்கரையினின்று பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் நடந்து, கடலாமைகள் இட்டுச் செல்லும் முட்டைகளைத் தேடிக் காக்குங் கூட்டத்தாரோடு தாங்களுஞ் செல்வதாகவும், நடை தொடங்குமுன் வானத்து மீன்களைக் கண்டு பழகுவதாகவும் அவர்கள் விடை கூறினர். "நள்ளிரவில் மணலில் அலைவதும் மீனை எண்ணுவதும் கண்ணின் வேட்கையேயன்றி வேறென்ன? வீடுபேற்றை ஆராய்வார்க்கு அஃது எற்றுக்கு?" என்றேம். அவருள் ஒருவர் பணிவோடு, "ஐயா, பகலில் ஞாயிற்றின்முன் ஒடுங்கும் விண்மீனை உவமையாக வைத்துச் சென்ற கிழமை எங்களுக்கு விளக்கியருளினீர்கள். அந்த மீன்களில் அகத்தியன் எது, திருவாதிரை எது என்று ஒருநாள் வந்து காட்டியருளல் வேண்டும்" என்றார். நாற்பதாண்டாக அவ்வுவமையைக் கற்பித்து வந்த எமக்கு, அம்மீன்களை வானத்திற் சுட்டிக் காட்டத் தெரியாது. அதனைச் சொல்ல நாணி, வருகின்றோம் என்று மட்டுஞ் சொன்னேம்.

இந்நடை இன்று நேற்றுத் தோன்றியதன்று. சென்னைக் கரையில் ஆமை முட்டை தேடி இரவில் நடக்கும் வழக்கம் 1970-களில் ராமுலஸ் விட்டேகர் முதலிய உயிர்நூலாரால் தொடங்கப்பெற்றது. 1988 முதல் மாணாக்கர்கள் தமக்குள் ஓர் இணையம் அமைத்து அதனை ஆண்டுதோறும் நடத்தி வருகின்றனர். அவர்கள் காப்பது மீனவர் பங்குனி ஆமை என வழங்குஞ் சிறு கடலாமையை. தை முதற் பங்குனி வரையுள்ள திங்கள்களிற் பெண்ணாமை இரவிற் கரையேறி, ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்திற் குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்கு மீள்கின்றது. நாற்பத்தைந்து முதல் அறுபது நாள்களிற் குஞ்சுகள் வெளிப்படுகின்றன. ஆமை முட்டையை மணலிற் புதைத்து மறைக்குஞ் செய்தி அகநானூற்றினும் வருதலால், இக்கரைகளில் இது தொன்றுதொட்டு நிகழ்வதென்பது பெறப்படும்.

மகாசிவராத்திரி கழிந்த முதற் சனிக்கிழமை மாலை, மருந்தீசர் திருமுன் வழிபட்டு, இளைஞரோடு நீலாங்கரைக்குச் சென்றேம். அகத்திய முனிவர்க்கு மருந்தின் இயல்பை உபதேசித்தருளியமையால் இறைவர் அத்தலத்தில் அத்திருப்பெயர் பூண்டனர் என்பது தலவரலாறு. இளம்பிறை மறைந்தபின், எட்டரை மணியளவில், தென்றிசை நோக்கி நிற்குமாறு எம்மை நிறுத்தி, அடிவானிற்குச் சற்று மேலே தனித்து வெள்ளொளி காலும் மீனொன்றைக் காட்டி, "இதுதான் அகத்தியன்" என்றனர். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 300 ஆண்டு ஆகின்றது என்றும் உரைத்தனர். பின்பு தலைக்கு மேலே, உச்சியினின்று மேற்கே சற்றுச் சாய்ந்து, செந்நிறங் கொண்டு விளங்கும் மீனைக் காட்டி, "இது திருவாதிரை" என்றனர். எம்மையறியாது கைகுவித்தேம். ஆண்டுதோறும் மார்கழித் திருவாதிரையைக் கொண்டாடியும், அந்நாளுக்குப் பெயர் தந்த மீனை அன்றுதான் கண்ணாற் கண்டேம்.

நள்ளிரவில் நடை தொடங்கிற்று. வலப்பக்கத்திற் கடலும் இடப்பக்கத்தில் ஊரும் அமைய வடக்கு நோக்கி நடந்தேம். வடகீழ்த் திசையில் எழுமுனிவர் என்னும் மீன்கூட்டம் நன்கு விளங்கிற்று. ஆயினும், எமக்கு நேரெதிரே இருத்தற்குரிய துருவ மீனைக் காணவியலவில்லை. சென்னை, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகையில் உள்ளதாகலின், துருவமும் அடிவானிற்கு மேலே ஏறத்தாழ 13 பாகை உயரத்தே நிற்கும். நகரின் விளக்கொளி மேனோக்கிப் பாய்ந்து, காற்றிலுள்ள துகளாலும் நீர்த்திவலையாலுஞ் சிதறுண்டு, அவ்வளவு உயரத்தையும் மஞ்சட் புகைபோல மூடியிருந்தது. நிலைபெயராது நின்று வழிகாட்டும் மீன் ஒன்று உளதாயிருக்க, அதனை நோக்கியே நடப்பார்க்கும் அது தோன்றாதாயிற்று.

அங்ஙனம் நடக்குங்கால் எம் உள்ளத்திற் பட்டது இது. மீனொளி மறைதல் ஒருதன்மைத்தன்று. அம்மறைப்பு மூவகைத்து.

ஒன்று, ஞாயிற்றால் நேர்வது. பகலில் மீன்கள் அழிந்தொழிந்தனவல்ல. ஞாயிறாக மாறினவும் அல்ல. அதன் பேரொளியில் ஒடுங்கி, தனித்து விளங்காது நிற்கின்றன. மெய்கண்டதேவர் சிவஞானபோத உதாரண வெண்பாவில் இதனையே எடுத்துக்கொண்டு, உயிரின் ஐம்புலவறிவு இறைவன் அறிவினுள் அடங்கி நிகழுமாற்றை விளக்கியருளினார். இம்மறைப்பால் யாதும் இழப்பில்லை. மீன் காட்டமாட்டாத உலகனைத்தையும் ஞாயிறு காட்டுகின்றதாகலின்.

மற்றொன்று, துகளால் நேர்வது. திருவாதிரை மீன் 2019-ஆம் ஆண்டு இறுதியில் ஒளி குன்றத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் தன் இயல்பான ஒளியிற் பாதிக்கும் கீழாகி, பின்னர்ச் சில திங்களிற் பழைய நிலை எய்திற்று. அம்மீனினின்று வெளிப்பட்ட பொருள் குளிர்ந்து துகட்படலமாகி மறைத்தமையே அதற்கு முதன்மையான காரணம் என வானூலார் ஆராய்ந்து கண்டனர். உயிரின் அறிவை ஆணவம் மறைத்தலுக்கு இஃது ஒருபுடை ஒக்கும். ஒருபுடை என்றது என்னையெனின், துகள் இடையே வந்தது. ஆணவமோ செம்பிற் களிம்புபோல அநாதியே உள்ளது. எனினும், மறைக்கப்பட்ட காலத்தும் மறைக்கப்பட்ட பொருள் கெடுவதில்லை என்பது இரண்டற்கும் பொது.

மூன்றாவது, ஊர்விளக்கால் நேர்வது. இது ஞாயிறுபோல ஒளியேயாயினும், ஞாயிறுபோல உலகைக் காட்டுவதன்று. துகள்போல மறைப்பதேயாயினும், மறைப்பு என்று தோன்றுவதும் அன்று. தெருவின் ஒரு முழங் காட்டி வானமனைத்தையும் மறைத்து, தான் காட்டியதே உள்ளது என்று கருதச் செய்கின்றது. இருளில் நிற்பான், யான் இருளில் நிற்கின்றேன் என்றேனும் அறிவான். இவ்விளக்கின்கீழ் நிற்பானோ, யாவும் விளங்கக் கண்டேன் என்று களிப்பான். சுட்டறிவின் இயல்பு இதுவேயன்றோ? ஐம்பொறிவழி ஒன்றொன்றாய் அறிந்து, அறிந்ததனளவே மெய்யென்று அமையும் அறிவு, இறைவனுண்மையை மறுத்துச் சொல்லுதல்தானும் வேண்டா. அதனைத் தேட வேண்டும் என்னும் எண்ணமே எழாதபடி செய்துவிடும். ஆகலின், மூன்றனுள்ளும் அஞ்சத்தக்கது இதுவே என்று எம்முள் எண்ணிக்கொண்டே சென்றேம். அவ்வாறு எண்ணியதிற் சிறிது பெருமிதமும் இருந்தது. அது நெடுநேரம் நிலைக்கவில்லை.

கொட்டிவாக்கங் கடந்து, திருவான்மியூரில் எம் இல்லம் உள்ள தெருவின் கோடியை அணுகியபொழுது, முன்சென்ற இளைஞர் கைகாட்டி எல்லாரையும் நிறுத்தினர். நடையாளர் கண்ணிற்படாது தப்பிய குழியொன்றினின்று குஞ்சுகள் வெளிப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்குவது, கருநிறத்தது. அவை கடலை நோக்கிச் செல்லவில்லை. ஒன்றேனும் திரும்பிப் பாராது, வரிசை வரிசையாகத் தெருக்கோடியிலுள்ள உயர்கோபுர மின்விளக்கை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. முன்னே சென்றவற்றுட் சில தார்ச்சாலையை எய்திவிட்டன. வண்டிச் சக்கரத்தில் நைந்தனவும், நாய் கவ்வி எறிந்தனவும், எறும்பு மொய்த்துக் கிடந்தனவுமாக அவ்விளக்கின் அடியிற் பதினேழு கண்டேம்.

காரணம் இளைஞர் கூறினர். முட்டையினின்று வெளிப்படுங் குஞ்சுக்குத் தாயுமில்லை, வழிகாட்டுவாரும் இல்லை. கரைப்பக்கத்து மணல்மேடும் மரமும் இருண்டிருக்கும். கடற்பக்கத்து அடிவானமோ மீனொளியும் நிலவொளியும் நீரிற் படிதலாற் சிறிது வெளுத்திருக்கும். தாழ்ந்து பரந்த அவ்வெளிச்சத்தை நாடிச் செல்வதே அதற்கு இயல்பாய் அமைந்த அறிவு. ஊழிதோறும் அவ்வறிவு பொய்த்ததில்லை. கரையில் அதனினும் பெரிய வெளிச்சம் இல்லாதிருந்தமையின். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்று நாம் ஓதுவதன் உண்மையை அப்பதினேழும் எமக்குப் பாடஞ் சொல்லிக் கிடந்தன.

அவ்விளக்கு வேண்டுமென்று மூன்றாண்டுக்கு முன்பு தெருவினர் கூடி உரிய அலுவலகத்திற்கு விண்ணப்பித்தனர். முதியோர் மாலையில் உலாவுதற்கு அச்சமின்றி இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்விண்ணப்பத்தை நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தவர் யாமே. இருளை ஓட்டும் ஒளியின் சிறப்பைப் பற்றி அதில் இரண்டு வரி கூடுதலாகவும் எழுதியிருந்தேம். அதனை இளைஞர்க்குச் சொல்லவில்லை. எஞ்சிய குஞ்சுகளைக் கூடையிற் பொறுக்கிச் சேர்க்க அவர்களோடு குனிந்து நின்றேம். எண்ணியபொழுது நாற்பத்து மூன்று இருந்தன. நீர்விளிம்பிற்குச் சற்று இப்பால் ஈரமணலில் விட்டபின், அவை தாமே நடந்து அலையிற் புக்கன. கையால் எடுத்து நீரிலிடலாகாது, மணலில் நடத்தல் வேண்டும் என்று இளைஞர் எம்மைத் தடுத்தனர்.

திரும்பும்பொழுது ஒருவர் வினவினார்: "ஐயா, மீன் நோக்கியும், ஆமை நினைந்தும், பறவை தழுவியும் தம் முட்டையைக் குஞ்சாக்கும் என்று நயன தீக்கை, மானத தீக்கை, பரிச தீக்கைகளுக்கு உவமை சொல்லுகின்றோமே. முட்டையிட்ட ஆமை திரும்பியும் பார்ப்பதில்லை. மணலின் வெம்மையே பொரிக்கின்றது, அவ்வெம்மையின் மிகுதி குறைவாலேயே குஞ்சு பெண்ணும் ஆணும் ஆகின்றது என்று இன்றைய நூலார் சொல்லுகின்றனர். அவ்வுவமை என்னாம்?"

கண்ணாற் காணப்பட்டதனை நூல்மேல் வைத்த அன்பினால் மறுத்தல் நூலுக்குப் பெருமையாகாது. ஆமை நினைந்து பொரிக்கும் என்பது முன்னோர் தங்காலத்து உலகவழக்கை மேற்கொண்டு கூறியது. உவமையின் பயன், அண்மையில் நில்லாத ஆசிரியன் அருள் சேய்மையினுஞ் செயல் புரியும் என்பதனைத் தெளிவித்தல். அப்பயன் இன்றும் கெடவில்லை. தாய் அங்கில்லை, ஆயினும் அவள் தெரிந்த இடமும், தோண்டிய ஆழமும், மூடிய மணலும், அதனை வெதுப்பும் ஞாயிறும், குஞ்சுக்கு வழிகாட்ட அடிவானில் வைத்த மங்கிய வெளிச்சமும் அங்கேயுள்ளன. காணப்படாத ஒருவன் கருவிகளை முன்னரே அமைத்துவைத்து, உயிர் தன் காலால் நடக்குமாறு விடுகின்றான் என்னுங் கருத்திற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை. அவ்வமைப்பின் நடுவே கம்பம் நட்டவர் நாம். தாய் திரும்பி வாராமையால், அக்குஞ்சின்பொருட்டுத் திரும்பிப் பார்க்குங் கடமை நம்மேலதாயிற்று.

அற்றேல், விளக்கேற்றுதலைத் தலையாய தொண்டாகக் கொண்ட சைவம் விளக்கைப் பழித்தல் பொருந்துமோ எனின்: இவ்வினாவே அன்றிரவு எம்மை உறங்கவொட்டாது செய்தது. இதே கடற்கரையில் வடக்கே திருவொற்றியூரில், செல்வமெல்லாந் தொலைந்தபின் தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்த கலியநாயனார் விளக்கேற்றினார். திருவாரூரில் நமிநந்தியடிகள் நீரால் விளக்கெரித்தார். இவர்கள் ஏற்றிய விளக்கிற்கும் யாம் வேண்டிய விளக்கிற்கும் வேற்றுமை யாது? அளவினால் என்றால் அது முழுவிடையாகாது. அவர்கள் தம்மைக் கொடுத்து விளக்கேற்றினர். அவ்விளக்கு இறைவன் திருமுன்னிலையைக் காட்டிற்று. பிறிதோர் உயிரின் வழியைக் கெடுக்கவில்லை. யாமோ எம்மிடத்தினின்று யாதுங் கொடாது, எம் அச்சந் தீர்தற்கு விளக்கு வேண்டினேம். எம் கண் எட்டுமளவே உலகம் என்று கருதினமையால், அதன் ஒளி எங்கெங்கு விழும், யார் கண்ணிற் படும் என்று ஒருகாலும் நினையாதொழிந்தேம். ஒளி தீங்கன்று. எனது என்னும் பற்று ஏந்திய ஒளியே தீங்காயிற்று.

உமாபதிசிவனார் திருவருட்பயனில் மாயையை விடியுமளவும் உதவும் விளக்காக உவமித்தமை நினைக்கத்தக்கது. உடல், கருவி, உலகு, நுகர்வு என மாயை தருவன யாவும் ஆணவவிருளில் உயிர்க்குச் சிற்றொளியாய் உதவுகின்றன. ஆதலின் மாயையைப் பகையென்று வெறுத்தல் சித்தாந்தமன்று. ஆனால் விளக்கை விடியலென்று கொள்ளுதல் மயக்கம். அக்குஞ்சு செய்தது அதுவே. அடிவானத்தை நாடவேண்டியது கம்பத்தை நாடிற்று. கடலை மறந்து சாலைக்கு ஏறும் அச்சிற்றுயிர்க்கும், திருவடியை மறந்து பொருளும் புகழும் மின்னும் இடத்திற்கு ஏறும் நமக்கும் வேற்றுமை சிறிது. குஞ்சு அறியாது சென்றது. நாமோ அறிந்துஞ் செல்கின்றோம்.

இன்னும் ஒரு தடை. ஆமையின் பொருட்டு மக்கள் இருளில் இடறி விழுதல் தகுமோ? கடற்கரை வழியே வைகறையில் மீன் எடுக்கச் செல்லும் பெண்டிரும், கண்ணொளி குன்றிய முதியோரும் இருளால் இடர்ப்படாரோ எனின், இடர்ப்படுவர். அதனை மறுத்தல் அன்பாகாது. விளக்கை முற்றும் ஒழிக்கவேண்டும் என்பதும் எம் கருத்தன்று. விளக்கைத் தாழ்த்தி அமைக்கலாம். கடற்பக்கத்தில் தகடு வைத்து மறைக்கலாம். வெண்ணீல ஒளிக்கு ஈடாக ஆமைக் குஞ்சுகளை அத்துணை ஈர்க்காத செவ்விய மங்கலொளியை இடலாம். சனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள நான்கு திங்களில், ஆள்நடமாட்டம் இல்லாத நடுயாமங்களில் அணைத்து வைக்கலாம். இவற்றுள் எதுவும் மக்கட்கு ஊறு செய்வதன்று. சிறிது கருத்துஞ் சிறிது செலவுமே வேண்டப்படுவன. இவ்வளவும் செய்யாமல் மக்கள் நலம் என்று சொல்லுதல், சோம்பலுக்கு அறத்தின் பெயரைச் சூட்டுதலாய் முடியும்.

இனி, முதலில் யாம் கடிந்துரைத்த கடற்கரை நடையும் வான்காட்சியும் பற்றி ஒரு சொல். கண்ணுக்கு இனியன என்பதனாலேயே அவை விலக்கத்தக்கனவல்ல. புலன் கட்டாவதும் வீட்டிற்குத் துணையாவதும் அது யாரைச் சார்ந்து நிற்கின்றது என்பதனால் அமையும். மீனைக் கண்டேன் என்று பிறரிடம் சொல்லிப் பெருமைகொள்ள நடப்பான் கொண்டுவருவது உடற்சோர்வே. கைவிளக்கை அணைத்து, பேச்சைக் குறைத்து, மணலில் வேறோர் உயிர் இருக்குமென்று கால்பார்த்து வைத்து நடப்பானுக்கோ, நான்கு நாழிகையில் தன் சிறுமையும் பிறவுயிரின் அருமையும் புலனாகும். சிவராத்திரியில் உறக்கம் ஒழித்தலின் பயனும் இத்தகைய விழிப்பேயன்றோ? இதனை எம் மாணாக்கர் எமக்கு முன்னரே கற்றிருந்தனர் என்பதனை எழுதுதற்கு யாம் நாணவில்லை.

மறுநாட்காலையில் முன்னைய விண்ணப்பத்தை எழுதிய கையாலேயே மற்றொன்று எழுதினேம். அவ்விளக்கிற்குக் கடற்பக்கத்தில் மறைப்பு வேண்டும் என்றும், ஆமை வருங்காலத்து நள்ளிரவிற்கு மேல் அணைக்கப்படல் வேண்டும் என்றும், முன்னர் இதனை வேண்டியவருள் யாமும் ஒருவேம் என்றும் அதில் குறித்தேம். தெருவினருட் பலர் கையெழுத்திட்டனர். சிலர் இடவில்லை, அவர்தம் அச்சத்தையும் யாம் மதிக்கின்றேம், மீண்டும் பேசுவேம். விடை இன்னும் வந்திலது. அது வருமளவும் எம் இல்லத்து மாடியிற் கடலைப் பார்த்து எரிந்த விளக்கை இரவில் அணைத்து வைக்கின்றேம். கடற்கரையூர்களில் வாழும் நம் இதழன்பர்களும் இந்நான்கு திங்களில் அங்ஙனஞ் செய்வார்களாயின், எத்துணையோ சிற்றுயிர்கள் தம் வழியே செல்லும். அவர்தம் மாடியினின்றே அகத்தியனும் ஆதிரையும் சற்று நன்கு தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமைப் பாடம், பங்குனி முடியுமளவும், காலையினின்று மாலைக்கு மாற்றப்பட்டுள்ளது.

திருச்சிற்றம்பலம்